மூன்றாம் கிணற்றின் கோடு

நிலத்தடி நீர் ஆய்வு அலுவலகத்தில் அவரை எல்லோரும் டேப்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். கிணற்றுக்குள் அளவு நாடாவை இறக்கி, முனை தண்ணீரைத் தொட்டதும் எழும் சத்தத்தைக் கேட்டு ஆழத்தைக் குறிப்பது அவர் வேலை. பத்தொன்பது வருடத்தில் ஒரு சென்டிமீட்டர் தப்பியதில்லை.

மனைவியின் தங்கையைக் கட்டியவர் அதே அலுவலகத்துக்கு அதிகாரியாக வந்ததிலிருந்து டேப்காரருக்குச் சோறு இறங்கவில்லை. சகலை எட்டு வயது இளையவர். இவர் வெயிலில் நின்று எடுத்த எண்களை அவர் கம்ப்யூட்டரில் போட்டுக் கோடு வரைவார். இயக்குநர் அவர் தோளைத் தட்டுவார். மாமியார் வீட்டில் மிக்ஸி ரிப்பேருக்குக்கூடச் சின்ன மாப்பிள்ளையிடம்தான் யோசனை. இதில் கொடுமை, சகலை நல்லவர். திட்டுவதற்கு ஒரு சாக்கும் தரமாட்டார்.

அந்த வருடம், மூடிக் கிடந்த முலாம் பூசும் தொழிற்சாலையில் சோதனை. அங்கே கொட்டிய குரோமியம் நிலத்தடி நீரை மஞ்சளாக்கியிருந்தது. நடுக் கிணற்றில் மூன்று நாள் விடாமல் மோட்டார் ஓட்டி, சுற்றியுள்ள நான்கு கிணறுகளில் மட்டம் எப்படி இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். நஞ்சு எந்தப் பக்கம் நகரும், தடுப்புக் கிணறு எங்கே போடுவது என்பதெல்லாம் அதை வைத்துத்தான்.

இரண்டாம் நாள் மதியம், கிழக்குப் பக்கம் இருந்த மூன்றாம் கிணற்றில் மட்டும் இறக்கம் நின்றுவிட்டது. டேப்காரர் திரும்ப அளந்தார். அதே எண். காரணம் காலடியிலேயே இருந்தது. இறைத்து வடிகட்டிய நீரை வெளியே கொண்டுபோகும் சிமெண்ட் வாய்க்காலில் விரல் நுழையும் விரிசல். தண்ணீர் மண்ணுக்குள்ளேயே திரும்பிக்கொண்டிருந்தது.

சகலையிடம் சொல்லலாம் என்று போனை எடுத்தவர், பெரிய மூளைக்காரர்தானே, அவரே கண்டுபிடிக்கட்டும் என்று பையில் போட்டுக்கொண்டார். எண்ணை எழுதினார், விரிசலை எழுதவில்லை.

மூன்றாம் கிணற்றில் மட்டம் இறங்காமல் நின்றதை வைத்து, கிழக்கே ஓடும் கால்வாய்தான் நிலத்துக்கு நீர் ஊட்டுகிறது, அதனால் நஞ்சு அந்தப் பக்கம் போகாது என்று சகலை அறிக்கை எழுதினார். கூட்டத்தில் யாராவது மடக்குவார்கள் என்று டேப்காரர் கடைசி வரிசையில் ஆசையாகக் காத்திருந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். கிழக்குப் பக்கம் போடவிருந்த மூன்று தடுப்புக் கிணறுகளை இயக்குநரே சிவப்புப் பேனாவால் அடித்தார்.

அந்தக் கிணறுகள் வர வேண்டிய இடத்துக்கு அப்பால் ஒரு தெரு இருந்தது. மறுநாள், சோதனைக்கு மாதிரி நீர் எடுக்க டேப்காரரை அங்கே அனுப்பினார்கள். அடிபம்பில் பாட்டிலைப் பிடித்துக்கொண்டிருந்தவரிடம், தண்ணீர் நன்றாகத்தானே இருக்கிறது என்று ஒரு பெண் கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் குடத்தை வைத்தாள். தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது, இப்போதைக்கு.

நேரே சகலையின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார்.

"அது கால்வாய்த் தண்ணி இல்ல, சகலை. வாய்க்கால்ல விரிசல். ரெண்டாம் நாளே பார்த்தேன்."

சகலையின் முகத்தில் ஈயாடவில்லை. "பார்த்துட்டு ஏன் சொல்லல?"

"வயித்தெரிச்சல். வேற என்ன?"

சகலை திரையில் மூன்றாம் கிணற்றின் கோட்டைத் திறந்து பார்த்தார். பிறகு, "வேற யார்கிட்டயும் இதைச் சொல்லாதீங்கண்ணே" என்று மட்டும் சொன்னார்.

அறிக்கை தவறு என்று சகலையே இயக்குநரிடம் போய்ச் சொல்ல, வாய்க்காலுக்குப் பதில் குழாய் போட்டுச் சோதனையைத் திரும்ப நடத்தினார்கள். மூன்றாம் கிணற்றின் கோடு நிற்காமல் இறங்கியது. அடித்த மூன்று கிணறுகளும் வரைபடத்துக்குத் திரும்பின. தன் தவறைத் தானே ஒப்புக்கொள்ள நெஞ்சுரம் வேண்டும் என்று இயக்குநர் சகலையைப் புகழ்ந்தார். சகலை எழுந்து, விரிசலைக் கண்டது டேப்காரர்தான் என்றார். எப்போது கண்டார் என்று சொல்லவில்லை.

தனக்காகக் கைதட்டும்போதும் டேப்காரருக்கு வயிறு எரிந்தது. இந்தப் பெருந்தன்மையும் அவருக்கே போக வேண்டுமா? அதை விட்டுக்கொடுக்க மனமில்லாமல்தான் எழுந்து நின்றார்.

"ரெண்டாம் நாளே பார்த்தேன் சார். வேணும்னேதான் எழுதல."

கைதட்டல் நின்றது. ஆறு மாதம் அவரைக் களத்துக்கு அனுப்பவில்லை. பழைய கோப்புகள் இருக்கும் அறையில் உட்கார வைத்தார்கள். மாமியார் வீட்டில் விஷயம் தெரிந்தபோது, சின்ன மாப்பிள்ளை எவ்வளவு பொறுமைசாலி பார் என்று பேசிக்கொண்டார்கள்.