பனி படியாத வட்டம்

வீடுகளுக்கு விறகு ஃபர்னஸ் பொருத்துகிற இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் தீயைப் பற்றித்தான். கதவைத் திறக்கும்போது புகை முகத்தில் அடிக்குமா, தண்ணீர் கொதித்துப் பொங்குமா என்று. இரண்டும் நடக்கும். இரண்டுக்கும் வழி இருக்கிறது, பழகிக்கொள்ளலாம். இருபத்திரண்டு வருட வேலையில் நான் உண்மையாகவே நடுங்கியது ஒரே ஒரு தடவை. அன்று ஃபர்னஸில் எந்தக் கோளாறும் இருக்கவில்லை.

1. குறைகிற தண்ணீர்

ஆக்லாந்தில் குளிர்காலம் தொடங்குகிற ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை குணசீலன் அழைத்தார். நான் ஈஸ்ட் டாமாக்கியில் எங்கள் வேர்க்‌ஷாப்பில் இருந்தேன்.

"யோகா, நீங்க போட்ட ஃபர்னஸ் நல்லாத்தான் எரியுது, கம்ப்ளெயின்ட் இல்ல. ஆனா தண்ணி குடிக்குதுலா. ஒரு நாளைக்கு நாப்பது லிட்டர்."

குணசீலன் மலேசியாவில் கிள்ளானைச் சேர்ந்தவர். முப்பது வருடம் கப்பல் எஞ்சின் அறையில் வேலை செய்து, முதுகெலும்பில் அடிபட்டு ஓய்வு பெற்றவர். இரண்டு ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாது. கால்கள் எப்போதும் குளிர்ந்தே இருக்கும். அவருடைய மனைவி இந்திரா தாதி. இருவரும் ஹென்டர்சனுக்கு மேற்கே, மலையடிவாரத்தில், ஒரு காலத்தில் பழத்தோட்டமாக இருந்த இரண்டு ஏக்கர் காணியில் பழைய மரவீடு ஒன்றை வாங்கியிருந்தார்கள். மின்சாரத்தில் அறையைச் சூடாக்கும் ஹீட் பம்ப் அந்த வீட்டுக்குப் போதவில்லை. விறகுக்கோ குறைவில்லை. அதனால் அந்த இலையுதிர்காலத்தில் நான் அங்கே வெளியில் வைக்கிற விறகு ஃபர்னஸ் ஒன்றைப் பொருத்தினேன்.

பார்ப்பதற்குப் புகைபோக்கி வைத்த தகரக் கொட்டில் மாதிரி இருக்கும். உள்ளே விறகு எரியும் பெட்டி, அதைச் சுற்றித் தண்ணீர். சூடான தண்ணீர் நிலத்தடி பைப் வழியாக வீட்டுக்குப் போய், ரேடியேட்டர்களில் சுற்றிவிட்டு இன்னொரு பைப்பில் திரும்பி வரும். புகையும் சாம்பலும் வீட்டுக்குள் வராது. அந்த வீட்டுக்கும் ஃபர்னஸுக்கும் இடையே முப்பது மீட்டர் புல்வெளி.

மறுநாள் போய்ப் பார்த்தேன். ஃபர்னஸைச் சுற்றி ஈரம் இல்லை. ரேடியேட்டர்களின் கீழே வைத்த பேப்பர் டவல் காய்ந்தே இருந்தது. பம்பிலும் கசிவு இல்லை. ஃபர்னஸின் தண்ணீர்த் தொட்டி மேலே திறந்தது, கொஞ்சம் ஆவியாகத்தான் செய்யும்.

"ஆவியாப் போகுது அண்ணை. சூட்டை ஒரு அஞ்சு டிகிரி குறைச்சு விடுறன்" என்றேன்.

அவர் ஒரு நோட்டுப் புத்தகத்தை நீட்டினார். காலை, மாலை வெப்பநிலை, ஊற்றிய தண்ணீர், போட்ட விறகு, எல்லாம் கப்பல் பதிவேடு மாதிரி எழுதியிருந்தது. கடைசிப் பக்கங்களில், எண்களுக்குப் பக்கத்தில், 'சத்தம்' என்று சில இடங்களில் எழுதி அடிக்கோடு போட்டிருந்தார்.

"இது என்ன சத்தம்?"

அவர் இந்திரா சமையலறையில் இருக்கிறாரா என்று திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "சிரிக்கக் கூடாது. புல்லுக்கு அடியில யாரோ மூச்சு விடுற மாதிரி இருக்கு. விடிகாலையில மட்டும். பம்ப் ஓடாத நேரத்துலயும். எஞ்சின் ரூம்ல நான் கேக்காத சத்தமா? இது எனக்குத் தெரியாத சத்தம்."

"பைப்புக்குள்ள காத்து நிண்டால் அப்பிடிக் கேக்கும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வேனில் ஏறும்போது நானே அதை நம்பவில்லை. காற்று அடைத்தால் பைப் கடகடக்கும். மூச்சு விடாது.

2. புல்வெளி

இரண்டு வாரம் கழித்து இந்திரா அழைத்தார். நாற்பது லிட்டர் எழுபது ஆகியிருந்தது. இன்னொன்றையும் சொன்னார். அவர்களிடம் மூன்று ஆடுகள் இருந்தன. ஒன்றைக் காணோம்.

"வேலி ஒரு இடத்துலயும் உடையலை யோகா. கேட் பூட்டித்தான் இருக்கு. பக்கத்து வீட்டுக்காரர் திருட்டுன்னு சொல்றாரு. மிச்சம் ரெண்டும் வேலி ஓரத்துலயே நிக்குது. புல்லு மேயவே வரமாட்டேங்குது. எனக்கு என்னமோ பயமா இருக்கு. ஐயரைக் கூட்டிட்டு வரட்டான்னு கேட்டா இவர் கத்துறாரு."

அடுத்த நாள் விடிகிற நேரத்துக்கே போய்விட்டேன். மூச்சுச் சத்தம் கேட்கிறது என்று சொன்ன நேரத்தில் அங்கே இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

ஆக்லாந்தில் பனி உறைவது அபூர்வம், ஆனால் அவர்கள் காணி இருந்த மலையடிவாரப் பள்ளத்தில் உறையும். புல்வெளி முழுவதும் உப்புக் கொட்டியதுபோல் வெள்ளையாக இருந்தது. ஃபர்னஸிலிருந்து வீட்டை நோக்கிப் பச்சையாக ஒரு கோடு. அதன் மேல் பனி படியவில்லை. சூட்டை வெளியே விடாத நல்ல இன்சுலேட்டட் பைப் போட்ட இடத்தில் அப்படி ஒரு கோடு தெரியவே கூடாது. கோட்டின் நடுவில் அது அகன்று, ஒரு சிறிய அறை அளவுக்கு வட்டமாகியிருந்தது. அந்த வட்டத்திலிருந்து மெல்லிய ஆவி எழுந்து, காற்றில்லாததால் அப்படியே நின்றது.

வட்டத்தின் நடுவில் நாற்காலி போட்டு குணசீலன் உட்கார்ந்திருந்தார். மடியில் கம்பளி, கையில் காப்பி. ஆவி அவருடைய முழங்கால் வரைக்கும் இருந்தது. கால் இல்லாத மனிதர் மிதப்பதுபோல் தெரிந்தார்.

"குட் மார்னிங் யோகா. வீட்டுக்குள்ளயே இவ்வளவு சூடு இல்ல. காலை வச்சுப் பாருங்க, அடுப்பு மேல நிக்கிற மாதிரி இருக்கும்."

தூரத்தில், வேலியோடு ஒட்டி, இரண்டு ஆடுகளும் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றன. பனி அவற்றின் முதுகில் படிந்திருந்தது.

எனக்கு அது பிடிக்கவில்லை. குளிர்கிற மிருகம் சூடான இடத்தைத் தேடி வரும். இவை ஏன் வரவில்லை என்று கேட்டுக்கொண்டு அங்கேயே நின்றிருக்க வேண்டும். நான் வேலையைத் தொடங்கினேன்.

3. கம்பி

ஃபர்னஸ் பக்கத்திலும் வீட்டுப் பக்கத்திலும் வால்வுகளை மூடி, நிலத்தடிப் பைப்பை மட்டும் தனியாகப் பிரித்தேன். அதில் இருந்த தண்ணீரை வடித்துவிட்டு, கம்ப்ரெசரால் காற்று ஏற்றினேன். எங்காவது ஓட்டை இருந்தால் கேஜ் முள் இறங்கும்.

முள் நிற்கவே இல்லை. ஏறிய வேகத்தில் விழுந்தது. அதே நேரம், பதினைந்து மீட்டர் தள்ளி, குணசீலனின் நாற்காலிக்கு அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. நீண்ட, ஆழமான பெருமூச்சு. காற்றை நிறுத்தினேன். அது உடனே நிற்கவில்லை. கொஞ்ச நேரம் இருந்து, தேய்ந்து, அடங்கியது.

"கேட்டீங்களா?" என்றார் அவர். முகத்தில் சந்தோஷம். தனக்குப் புத்தி பிசகவில்லை என்று நிரூபணமான சந்தோஷம். "அதேதான்!"

எனக்கும் நிம்மதியாக இருந்தது. ஓட்டையிலிருந்து காற்று வெளியேறுகிறது, அவ்வளவுதான். சத்தத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். வேனிலிருந்து புரோப் பாரை எடுத்தேன். அது மண்ணில் குத்திப் பார்க்கிற ஒன்றேகால் மீட்டர் இரும்புக் கம்பி. எங்கே மண் சேறாக இருக்கிறதோ அங்கே தோண்டினால் போதும்.

வட்டத்தின் ஓரத்தில் நின்று குத்தினேன். முதல் தடவை மண். இரண்டாவது தடவை, முழங்கால் ஆழத்தில், ஊறிய மரம் மாதிரி ஏதோ தட்டுப்பட்டது. கொஞ்சம் அழுத்தினேன். தடை சட்டென்று இல்லாமல் போனது. கம்பி என் கையை விட்டு, கைப்பிடியோடு, புல்லுக்குள் இறங்கி மறைந்தது.

சத்தம் இல்லை. பிறகு, எங்கோ மிகக் கீழே, தண்ணீரில் விழுகிற சத்தம்.

நான் குணசீலனைப் பார்த்தேன். அவர் என்னிடமிருந்து இரண்டு எட்டுத் தூரத்தில் உட்கார்ந்திருந்தார். அவருடைய முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே உறைந்திருந்தது. கப்பற்காரர். அவருக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"எத்தனை செகண்ட்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஒண்டரை இருக்கும்."

"அப்ப பத்து மீட்டர் ஆழம்." காப்பிக் குவளையைப் பிடித்திருந்த கையை அவர் அசைக்கவே இல்லை.

"அண்ணை, எழும்பாதேங்கோ. கால் ஊண்ட வேண்டாம். நான் வாறன்."

நான் பின்னால் ஒவ்வோர் அடியாக வைத்துப் பனி படிந்த புல்லுக்கு வந்தேன். அது உறுதியான நிலம் என்பதற்கு அந்த வெள்ளைதான் எனக்கு அடையாளம். வேன் கூரையிலிருந்து அலுமினிய ஏணியை இழுத்தேன். இந்திரா வேலைக்குப் போகச் சீருடையோடு வெளியே வந்தவர், என்னைப் பார்த்ததும் கேள்வி கேட்காமல் ஓடிவந்து மறுபக்கத்தைப் பிடித்தார். ஏணியைத் தரையோடு தரையாகக் குணசீலனின் காலடி வரைக்கும் தள்ளினோம்.

"குப்புறப் படுங்கோ அண்ணை. முழுப் பாரமும் ஏணியில இருக்க வேணும். நாங்க இழுக்கிறம்."

கால்கள் உதவாத மனிதர், நாற்காலியிலிருந்து கைகளாலேயே நழுவி ஏணியில் சரிந்தார். இந்திரா "பிடிச்சுக்குங்க, பிடிச்சுக்குங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இருவரும் இழுத்தோம். பனியில் ஏணி வழுக்கிக்கொண்டு வந்தது.

அவருடைய கால்கள் வெள்ளைப் புல்லுக்கு வந்தபோது நாற்காலி அசைந்தது. ஆரவாரம் ஒன்றும் இல்லை. யாரோ அதில் சாய்ந்து உட்கார்ந்ததுபோல் மெதுவாகப் பின்னால் சரிந்தது. அதைச் சுற்றியிருந்த புல் பாய் மாதிரி மடிந்து அதோடு சேர்ந்து உள்ளே போனது. கீழே தண்ணீரில் விழும் சத்தம் வந்தபோது நாங்கள் மூவரும் தரையில் கிடந்தோம்.

திறந்த பள்ளத்திலிருந்து வெதுவெதுப்பான காற்று எங்கள் முகத்தில் அடித்தது. அதில் நனைந்த கம்பளி வாடை இருந்தது. கம்பளி குணசீலனின் மடியிலிருந்து விழுந்ததோ என்று பார்த்தேன். அது ஏணியின் மேல், அவருக்கு அடியில், காய்ந்தே கிடந்தது.

4. பலகை

அது பழத்தோட்டக் காலத்துக் கிணறு. எந்த வரைபடத்திலும் இல்லை. யாரோ எப்போதோ மேலே பலகைகளை அடுக்கி, மண் போட்டு மூடியிருக்கிறார்கள். கிக்கூயு புல் அதன் மேல் மெத்தைபோல் படர்ந்திருந்தது. ஓரத்தில் ஒரு பலகை ஏற்கெனவே உடைந்திருந்தது. ஆடு அதன் வழியாகத்தான் போயிருக்கிறது. போன பிறகு புல் மெத்தை திரும்பவும் வந்து மூடிக்கொண்டது. கிணற்றை மூட வந்தவர்கள் ஆட்டையும் நாற்காலியையும் ஒன்றாகவே வெளியே எடுத்தார்கள்.

பம்ப் ஓடாத நேரத்திலும் கேட்ட அந்த மூச்சுக்கு என் ஊகம் இது: கிணற்றில் விழுந்த வெந்நீரால் உள்ளே காற்று சூடாகி, சின்ன இடுக்கு வழியாக வெளியேறியிருக்கும். வெளிக்காற்று உறைகிற குளிரில் கனமாகி அதே இடுக்கு வழியாக உள்ளே போயிருக்கும். ஒன்று மாற்றி ஒன்று. இதை யாரும் அளந்து பார்க்கவில்லை. ஆடு விழுந்த நாளைக்கு முன்னும் அது கேட்டிருக்கிறது என்று நோட்டுப் புத்தகம் சொல்கிறது. அதனால் அது உள்ளே விழுந்த ஆட்டின் மூச்சோ என்ற சந்தேகம் மட்டும் எனக்கு இல்லை.

இரண்டு நாள் கழித்து, குணசீலனின் சமையலறையில், அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "பைப் போடத் தோண்டும்போது ஒண்ணும் தட்டுப்படலையா யோகா?"

இந்திரா அடுப்புப் பக்கம் திரும்பி நின்றார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பலகை கிணற்றுக்குள் போய்விட்டது. பார்த்தது நான் ஒருத்திதான்.

"தட்டுப்பட்டது" என்றேன். "மண் தோண்டுற டிக்கர் பக்கெட் ஒரு பலகையைச் சுரண்டினது. பழைய வேலிக் கட்டை எண்டு நினைச்சன். மழை வரப் பாத்தது. மேல மணல் போட்டு மூடிட்டு பைப்பை வச்சிட்டன். பைப் ரோலும் நீளம் காணேல்ல. அந்த இடத்திலேயே ரெண்டு துண்டை இணைச்சு ஒரு கப்ளிங் போட்டன். பலகை இறங்க, கப்ளிங் விட்டிருக்கு. ரெண்டும் என்ர வேலைதான்."

இந்திரா அடுப்பை அணைத்தார். என்னைப் பார்க்காமல் அறையை விட்டு வெளியே போனார்.

இந்திரா போன கதவைக் குணசீலன் பார்த்தார். பிறகு சொன்னார்: "என் முதுகு எப்படிப் போச்சுன்னு யாருக்கும் சொன்னதில்ல. நடைபாதைத் தகட்டுல போல்ட் இல்லாததை ஒருத்தன் பாத்திருக்கான். ஷிஃப்ட் முடியுற நேரம்னு சொல்லாமப் போயிட்டான். நான் விழுந்த பின்னாடியும் சொல்லல. ரிப்போர்ட்டுல கடல் ஆட்டம்னு எழுதிட்டாங்க. பதினாலு வருஷம் கழிச்சுத்தான் எனக்குத் தெரிஞ்சுது." கையை மேசையில் வைத்தார். "நீங்க லேட்டாத்தான் சொன்னீங்க. ஆனா நான் கேட்டதும் சொல்லிட்டீங்க."

நான் அவரிடம் சொன்ன அதே வார்த்தைகளை அன்று மாலை ரிப்போர்ட்டிலும் எழுதினேன். எங்கள் மேலாளர் கிரேக் அதை இரண்டு தடவை வாசித்தார். "நிலம் இறங்கிட்டுது எண்டு நீ எழுதியிருந்தா நான் நம்பியிருப்பன்" என்றார், ஆங்கிலத்தில். அது பாராட்டா, கோபமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆறு மாதம் என்னைத் தனியாக எந்த நிலத்தடி வேலைக்கும் அனுப்பவில்லை. அது சரியான முடிவு.

புதிய பைப்பை நானேதான் போட வேண்டும் என்று குணசீலன் கேட்டிருந்தார். இன்னொரு டெக்னீஷியனோடு போய், காணியின் மறுபக்கமாகச் சுற்றி, ஒரே நீளப் பைப்பாகப் போட்டேன். இந்திரா முழுநாளும் வராந்தாவில் நின்று ஒவ்வோர் அடியையும் பார்த்தார். தேநீர் தரவில்லை. அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆகவே புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பக்கெட்டில் மண்ணோ கல்லோ அல்லாத ஏதாவது தட்டினால் டிக்கரை நிறுத்துங்கள். இறங்கிக் கையால் தோண்டி, அது எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று பாருங்கள். மழை வரட்டும். பைப் நீளம் போதாவிட்டால் வீட்டுக்குப் போய் மறுநாள் வாருங்கள். தண்ணீர் குறைகிறது என்று வாடிக்கையாளர் சொன்னால், அது எங்கே போகிறது என்று கண்ணால் காணும்வரை ஆவியாகிறது என்று சொல்லாதீர்கள். இவ்வளவும் செய்தும் தவறு நடந்தால், அதை அவர்கள் கேட்பதற்கு முன்பே நீங்களாகப் போய்ச் சொல்லுங்கள். நான் இரண்டு நாள் பொறுத்தேன். அந்த இரண்டு நாளும் நான் தூங்கவில்லை.