டப்பா அக்காவும் முட்டைக்கண்ணர்களும்

ஒரு காலால் டப்பாவைப் புல்லுக்குள் அழுத்திவிட்டு, இடுப்பில் கைவைத்து, டப்பா அக்கா வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். வானத்தில் ஒன்றும் இல்லை. பத்து நிமிடம் போக வேண்டும், அவ்வளவுதான். அதுவரை டப்பாவுக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது என்பது அவர் தனக்கே போட்டுக்கொண்ட சட்டம். "குனிஞ்சா நம்ம நிழல் விழும் சார். நிழலைப் பார்த்தா அதுங்க உள்ளயே பம்மிக்கும்" என்பார்.

அது பழைய பால்மாவு டப்பா. மூடியும் இல்லை, அடியும் இல்லை, இரண்டு பக்கமும் வெட்டி எடுத்தாயிற்று. புல்லில் இரண்டு விரல் ஆழத்துக்குப் பதித்து, வாய்வரை தண்ணீர் ஊற்றினால், வேரோரம் பதுங்கியிருக்கும் பூச்சிகள் மூச்சு முட்டி மேலே மிதந்து வரும். எத்தனை என்று எண்ணலாம். மற்ற நேரத்தில் அதைக் கயிறு கட்டித் தோளில் மாட்டிக்கொள்வார். அவர் வீட்டுக்கு மேல்வீட்டுப் பெண் ஓர் அவசரத்துக்கு அந்த டப்பாவை வாங்கி அரிசி அளக்கப் போக, அளந்த அரிசி அத்தனையும் காலடியிலேயே கொட்டியது. இரு வீட்டாரும் அதற்குப் பிறகு ஒரு மாதம் பேசிக்கொள்ளவில்லை.

எங்கள் குடியிருப்பில் நான்கு கட்டடங்களுக்கு நடுவில் ஒரு புல்வெளி உண்டு. பதினோரு வருடமாக அதை வெட்டி, வாரி, நனைத்து வளர்ப்பவர் இவர்தான். ஐம்பதைத் தாண்டிய வயது, ஒல்லி உடம்பு, ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை. புல்மேல் செருப்போடு நடப்பவர்களைத் திட்ட மாட்டார். அவர்கள் பின்னாலேயே போய், மிதிபட்ட புல்லைக் கையால் நீவி நிமிர்த்திவிடுவார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருக்கும்.

அவருடைய முதல் எதிரி எள்ளுக்கும் சிறிய ஒரு பூச்சி. குட்டியில் சிவப்பு, நடுவில் வெள்ளைப் பட்டை. வளர்ந்தால் கறுப்பு, முதுகில் வெள்ளைச் சிறகு. ஊசி போன்ற வாயைப் புல்லின் அடித்தண்டில் குத்திச் சாறு குடிக்கும். வயலில் நெல்லையும் சோளத்தையும் உறிஞ்சும் நாவாய்ப்பூச்சிகளின் சொந்தக்காரன். அக்கா வைத்திருக்கும் பெயர் உறிஞ்சான். உறவுமுறையும் வைத்திருக்கிறார்: "மூட்டைப்பூச்சிக்கு இவன் சித்தப்பா மகன் சார். அவன் நம்ம ரத்தத்தைக் குடிக்கிறான், இவன் புல்லோடதை. நசுக்கினா வாடையிலயே தெரிஞ்சுடும், ஒரே குடும்பம்னு." தெரியுமென்று சொல்வதோடு விட மாட்டார். ஒன்றைப் பிடித்து விரலிடுக்கில் நசுக்கி, பக்கத்தில் நிற்பவர் மூக்கருகே நீட்டுவார். மரியாதைக்காக நானும் மோந்தேன். அன்று மதியம் சோறு இறங்கவில்லை.

அவர் கணவர் மெத்தை தைப்பவர். ஒருமுறை என்னிடம் அலுத்துக்கொண்டார்: "நான் மெத்தையில இருக்கிறதை விரட்டுறேன், இவ புல்லுல இருக்கிறதை எண்ணுறா. எங்க வீட்டுல மனுஷங்களைப் பத்திப் பேசியே வருஷக்கணக்காச்சு சார்."

இந்த வருட வெயிலில் புல்வெளியில் மஞ்சள் திட்டுகள் விழுந்தன. முதலில் தட்டளவு, பிறகு பாயளவு. குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் குடிநீர்த் துறையில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். உலகத்தில் எது கெட்டாலும் காரணம் தண்ணீர் போதாததுதான் என்பது அவர் கட்சி. அவர் மனைவிக்குத் தலைவலி வந்தால்கூட முதலில் ஒரு செம்பு தண்ணீர்தான். புல்லுக்கும் அதையே எழுதிக் கொடுத்தார். காலையிலும் மாலையிலும் குழாய் திறந்தது. திட்டுகள் பெரிதாகிக்கொண்டே போயின.

"தண்ணி இல்லாம வாடினா மொத்தமா வாடும் சார். இது வட்டம் வட்டமா காயுது. பூச்சி மேஞ்சிருக்கு" என்றார் அக்கா.

"எங்கம்மா பூச்சி? என் கண்ணுக்கு ஒண்ணும் தெரியலையே" என்றார் செயலாளர்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் பிளாஸ்டிக் புல் விற்பவர் வந்து சேர்ந்தார். தண்ணீர் வேண்டாம், வெட்ட வேண்டாம், பத்து வருடத்துக்குப் பச்சை மாறாது. மாதிரிக்கு ஒரு துண்டைக் கூட்ட அறை வாசலில் விரித்து வைத்தார். கூட்டத்துக்கு வந்த அத்தனை பேரும் அதைக் கால்மிதி என்று நினைத்துச் செருப்பைத் துடைத்துவிட்டு உள்ளே வந்தோம். ஆனாலும் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. கைதூக்கியவர்களில் நானும் ஒருவன். பக்கத்தில் இருந்தவர் தூக்கினார், நானும் தூக்கினேன். சங்கக் குழுவில் என் பணி பெரும்பாலும் அவ்வளவுதான்.

மறுநாள் காலை அக்கா என்னைப் படிக்கட்டில் மறித்தார். கோபமே இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "பிளாஸ்டிக்கைக் கூட்டிப் பெருக்க ஆள் ஏற்கெனவே இருக்காங்க. அப்ப எனக்கு என்ன சார் வேலை? இந்த வயசுல புல்லைத் தவிர எனக்கு வேற எதுவும் தெரியாது. ஒரே ஒரு தடவை எல்லாரையும் வந்து டப்பாவைப் பார்க்கச் சொல்லுங்க" என்றார். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையாக இருக்கிறதே என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெட்கத்தில் சரி என்றேன். குழுவை அழைத்து வந்தது நான் செய்த ஒரே உபகாரம்.

குழு புல்வெளியில் கூடியது. டப்பாவை எங்கே வைப்பது என்பதைச் செயலாளர்தான் முடிவு செய்தார். இருப்பதிலேயே பெரிய திட்டின் நட்ட நடுவைக் காட்டி, "இங்க வைம்மா. இங்கதானே அதிகமா காஞ்சிருக்கு" என்றார். வேண்டாம் என்று அக்கா சொன்னது எடுபடவில்லை. தண்ணீர் ஊற்றியாயிற்று. பத்து நிமிடம் நாங்கள் ஏழு பேரும் வானத்தைப் பார்த்தோம். குனிந்து பார்த்தால் இரண்டு சருகும் ஓர் எறும்பும் மிதந்தன.

செயலாளர் சிரித்தார். அக்கா டப்பாவைப் பிடுங்கினார். "சாப்பிட்டு முடிச்ச தட்டுல எவனாவது உக்காந்திருப்பானா சார்? பந்தி நகர்ந்தாச்சு." மஞ்சளும் பச்சையும் சேரும் ஓரத்தில், அவராகவே ஓரிடம் பார்த்துப் பதித்தார். இன்னொரு பத்து நிமிடம். இம்முறை தண்ணீரில் பூச்சிகள் மொய்த்தன. சங்கத் தலைவர் இரண்டடி பின்வாங்கினார். "அடேயப்பா, இவ்வளவா?" என்றார் செயலாளர். அக்கா ஜெயித்துவிட்டார் என்று நான் நிம்மதிப் பெருமூச்சு விட்டேன்.

அவர் முகத்திலோ சந்தோஷம் இரண்டு மடங்காக இருந்தது. ஒவ்வொன்றாகச் சுண்டுவிரலால் ஒதுக்கி எண்ணினார். "உறிஞ்சான் மூணுதான் சார். மீதிப் பதினாலும் முட்டைக்கண்ணன். கண்ணைப் பாருங்க, தலைக்கு வெளிய பிதுங்கிட்டு நிக்குது. இவன் உறிஞ்சானைப் பிடிச்சுச் சாறு குடிக்கிறவன். நல்லவன். இவங்க வந்தாச்சுன்னா இனி நமக்கு வேலையே இல்ல. கொஞ்ச நாள்ல புல்லு தன்னால மூடிக்கும்."

"பூச்சியில என்னம்மா நல்லவன் கெட்டவன்?" என்றார் செயலாளர். "பதினேழு பூச்சி. நீ சொன்னது சரி, ஒத்துக்கிறேன். மருந்து அடிச்சுடுவோம். ஆறு வாரம், சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை. பச்சை வந்தா சரி, இல்லேன்னா பிளாஸ்டிக்."

"மருந்து அடிச்சா முதல்ல சாகிறது முட்டைக்கண்ணன்தான் சார். அவன் இரை தேடி வெளிய சுத்துறவன். மத்தவன் அடியில ஒளிஞ்சுக்குவான்."

"நீ என்ன பூச்சிக்கு வக்கீலா?"

குழு கலைந்தது. நான் மட்டும் நின்று, என் பங்குக்கு ஒரு யோசனை சொன்னேன்: செயலாளர் சொல்கிறபடி அடித்துவிட்டுப் போங்களேன், வேலையாவது மிஞ்சும். அக்கா டப்பாவின் தண்ணீர் முழுவதும் மண்ணில் இறங்கும்வரை காத்திருந்து, அதை மெதுவாக உருவி எடுத்தார். "அடிச்சா ரெண்டு மாசம் பச்சையா இருக்கும். அப்புறம் மொத்தமா போகும். அன்னைக்கு, யாரு மருந்து வாங்கினதுன்னு எவரும் கேக்க மாட்டாங்க சார். யாரு அடிச்சதுன்னுதான் கேப்பாங்க."

மருந்தைச் செயலாளரே வாங்கி வந்தார். முதல் சனிக்கிழமை ஜன்னல்களை எல்லாம் மூடச் சொல்லி அறிவிப்பு ஒட்டினார். அக்கா முகமூடி, கையுறை, முழங்கால் வரை ரப்பர் காலணி, முதுகில் தெளிப்பான் என்று அடையாளமே தெரியாமல் இறங்கி, வரிசை தப்பாமல் தெளித்தார். செயலாளர் முதல் மாடியில் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அந்த மூலை, அந்த மூலை" என்று மேற்பார்வை செய்தார். நெடி தாங்கவில்லை என்று தலைவர் வீட்டில் புகார் வந்தது. என் எதிர்வீட்டு அம்மாள் ராத்திரி முழுவதும் இருமினார். எனக்கும் லேசாகக் கண் எரிந்தது.

மூன்றாம் வாரம் திட்டுகளின் ஓரத்திலிருந்து பச்சைக் கொடிகள் உள்நோக்கி ஓடத் தொடங்கின. ஐந்தாம் வாரம் பாயளவு தட்டளவாயிற்று. "மருந்துன்னா இதுதான் மருந்து" என்று செயலாளர் பார்ப்பவரிடமெல்லாம் சொன்னார். மற்ற குடியிருப்புகளுக்கும் சிபாரிசு செய்தார். பிளாஸ்டிக் புல் விற்பவருக்கு வேண்டாம் என்று சொல்லியாயிற்று. மாதிரித் துண்டு இப்போது செயலாளர் வீட்டு வாசலில் கால்மிதியாகக் கிடக்கிறது.

மேற்கொண்டு எழுதினால் அக்காவுக்குக் கெடுதலாகுமோ என்று யோசித்தேன். செயலாளர் தானே ஒட்டும் அறிவிப்புகளைத் தவிர வேறு எதையும் வாசிப்பதில்லை. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

ஆறாவது சனிக்கிழமை. ஜன்னல்கள் மூடியிருந்தன. செயலாளர் மேலே கைக்குட்டையோடு நின்றார். கடைசி வரிசையையும் முடித்துவிட்டு, அக்கா கருவிகள் வைக்கும் கொட்டகைக்குப் பின்னால் வந்தார். என் சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே இருக்கும் இடம் அது. நல்ல வெயில், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முகமூடியைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினார். கையுறைகளை உருவினார். தெளிப்பானின் பிடியை இரண்டு தரம் அடித்து, குழாய் முனையைத் தன் பக்கம் திருப்பி, கண்ணை மூடிக்கொண்டு முகம் நனைய நனையப் பீய்ச்சிக் கழுவினார். பிறகு வாயைத் திறந்து ஒரு மடக்குப் பிடித்து, நிதானமாகக் கொப்பளித்துத் துப்பினார்.