என் நம்பரில் அவள் முகம்

இருங்காட்டுக்கோட்டையில் நானும் இன்னொரு பெண்ணும் இரண்டு வருஷமாக ஒரே அறையில் வாடகைக்கு இருந்தோம். ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் இருவருக்கும் ஒரே லைன். அவளுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது, பேச்சும் வராது. எங்கள் பேச்செல்லாம் மெசேஜில்தான். அடுத்த பாயில் உட்கார்ந்துகொண்டே, "ரசத்துல உப்பு கம்மி" என்று எனக்கு டைப் பண்ணி அனுப்புவாள்.

அவளுடைய அம்மா செய்யாறு பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருந்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆகவே மகளோடு பேச வீடியோ கால் ஒன்றுதான் வழி. ஞாயிற்றுக்கிழமை காலையில் போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டுக் கைகளால் பேசுவாள்.

அந்த போன் அவளுடைய சித்தப்பா ஐந்தாறு வருஷம் உபயோகித்துவிட்டுக் கொடுத்தது. படம் அடிக்கடி அப்படியே நின்றுவிடும். அம்மாவின் கை பாதி வழியில் நிற்கும். அது மறுபடி அசையும்வரை இவள் காத்திருப்பாள்.

இதில் ஸ்டிக்கர் வேறு. கம்பெனிக்குள் யாரும் படம் எடுத்துவிடக் கூடாது என்று, வாசலில் செக்யூரிட்டி தினமும் எங்கள் போன் கேமராக்களின் மேல் ஸ்டிக்கர் ஒட்டுவார். வெளியே வந்ததும் பிரித்துக்கொள்வோம். ஒட்டிப் பிரித்து ஒட்டிப் பிரித்து, அவள் கேமரா மேல் பசை படிந்துவிட்டது. "என் கை அம்மாவுக்குப் புகையாத் தெரியுதாம்" என்று ஒருநாள் அனுப்பினாள்.

நான்தான் கெட்டிக்காரத்தனமாக நெயில் பாலிஷ் ரிமூவரைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தேன். பசை போயிற்று. கூடவே மேலே இருந்த பிளாஸ்டிக்கும் வெந்து, பால் ஊற்றியதுபோல் வெளுத்துவிட்டது. அவள் போனை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். என்னைத் திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

மறுநாள் ஞாயிறு. என் போனைக் கொடுத்து, இதில் பேசு என்றேன். அம்மாவுக்குப் போட்டாள். கட் ஆயிற்று. மூன்று தடவை போட்டாள், மூன்று தடவையும் கட்.

"அம்மா படத்தைப் பாத்துதான் எடுக்கும். உங்க நம்பர்ல படம் இல்ல" என்று அவள் போனிலிருந்து மெசேஜ் வந்தது.

வாட்ஸ்அப்பில் என் படத்தை நான்தான் யாருக்கும் தெரியாதபடி மறைத்து வைத்திருந்தேன். கம்பெனி பஸ் குரூப்பில் என் நம்பரைப் பார்த்த யாரோ ஒருவன், என் படத்தை எடுத்து எனக்கே அனுப்பி அசிங்கமாக எழுதியிருந்தான். அன்றிலிருந்து எல்லாவற்றையும் பூட்டி வைத்திருந்தேன்.

அடுத்த மெசேஜ் வந்தது: "உங்க நம்பர்ல என் படம் வைக்கலாமா?"

"உன் மூஞ்சி எல்லாருக்கும் தெரியும், பரவால்லியா?" என்று கேட்டு அனுப்பினேன்.

"அம்மாவுக்குத் தெரிஞ்சா போதும்."

ஜன்னல் ஓரம் நிறுத்திப் படம் பிடித்தேன். எல்லாரும் பார்க்கும்படி வைத்தேன். இந்தத் தடவை போட்டதுமே எடுத்துவிட்டார். திரை நிறைய அந்த அம்மாவின் முகம். போனை எதிலோ சாய்த்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார். அப்புறம் கைகள் வந்தன.

படம் ஓர் இடத்திலும் நிற்காமல் அவர்கள் பேசி நான் பார்த்தது அன்றுதான். நான்கு கைகளும் என்ன வேகம். இவள் புறங்கையால் தாடையை ஒரு தட்டுத் தட்டினாள், அங்கே அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு ஒன்றுமே புரியவில்லை. பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரும் சைகை இல்லை அது. அவள் எந்தப் பள்ளிக்கும் போகும் முன்பே, அவர்கள் இருவரும் வீட்டில் உண்டாக்கிக்கொண்டது. உலகத்தில் அதைப் பேசுவதற்கு இரண்டே பேர்.

எங்கள் லைன் குரூப்பில் ஒருவர் போடுவது அரை மணியில் மேனேஜர்வரை போய்விடும். எந்த ஆப்பைத் திறந்தாலும் நம்பர்களைப் பார்க்கட்டுமா, போட்டோக்களைப் பார்க்கட்டுமா என்று கேட்கிறது. அப்படிப்பட்ட போனில், என் கண்ணுக்கு எதிரே, யாராலும் ஒட்டுக்கேட்க முடியாத ஒரு பேச்சு நடந்துகொண்டிருந்தது.

அம்மா அடிக்கடி காது மடலைப் பிடித்துத் திருகிக் காட்டினார். அது என்ன என்று அவளைக் கேட்டேன்.

"நீங்கதான் அது" என்று டைப் பண்ணினாள்.

போன் பேசும்போது நான் காது மடலைத் திருகிக்கொண்டே இருப்பேனாம். அந்தப் பழக்கம் எனக்கே தெரியாது. இரண்டு வருஷமாக அந்த மொழியில் எனக்கு ஒரு பெயர் இருந்திருக்கிறது.

வாயைத் திறக்காமல் நானும் கையை ஆட்டி வணக்கம் சொன்னேன். அந்த அம்மா சிரித்துவிட்டார்.

"எனுக்குக் காது நல்லாவே கேக்கும்மா. வாயாலயே பேசு. அவ ஜொரத்துல கெடந்தப்போ நீதான் பாத்துக்கினியாமே."

"ஆமாம்மா" என்றேன்.

மதியத்துக்குள் என் தம்பி பதறிப்போய்க் கூப்பிட்டான். "இன்னாக்கா, உன் போனை எவனாவது அட்ச்சிகினு பூட்டானா? வேற யாரோ பொண்ணு மூஞ்சி கீது."

நான்கு மாதம் அவள் முகத்தோடுதான் இருந்தேன். அப்புறம் அவள் புது போன் வாங்கினாள்.

பொங்கலுக்கு என்னை ஊருக்குக் கூட்டிப்போனாள். அடுப்படியில் அம்மாவும் மகளும் முதுகைக் காட்டிக்கொண்டு ஆளுக்கொரு வேலையாக இருந்தார்கள். அம்மா குதிகாலால் தரையில் இரண்டு தட்டுத் தட்டினார். மண் தரை அதிர்ந்திருக்க வேண்டும், மகள் உடனே திரும்பினாள். மாவு அப்பிய கையாலேயே இருவரும் எதையோ பேச ஆரம்பித்தார்கள். நான் வாசற்படியில் உட்கார்ந்து, வெகு நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.