வெட்டிய வட்டத்தில் இருந்தது

வீரபாண்டியில் கந்தவேல் வீட்டைக் 'கிறுக்கல் பங்களா' என்பார்கள். 2009-இல் அவர் காலமான பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. பனியன் கம்பெனிகளுக்குக் கடன் கொடுக்கும் பைனான்ஸ்காரர் அவர். சுவரெல்லாம் நவீன ஓவியங்கள், மொத்தம் அறுபத்து மூன்று. சாமி படம் மாட்ட ஓர் ஆணிக்குக்கூட இடமில்லை என்று அவர் மனைவி குறைப்பட்டுக்கொள்வார். கறுப்புப் பணத்துக்குச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார் என்றது ஊர். அவரிடம் பன்னிரண்டு வருடம் கணக்கெழுதிய நானும் டீக்கடையில் இரண்டொரு முறை அதையே சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

மங்கலத்தில் விசைத்தறி ஓட்டிய குடும்பம் அவருடையது. பத்தாவதோடு படிப்பு நின்றது. தறிகளை விற்று, அந்தப் பணத்தை ஏற்றுமதி பில்களின் மேல் கடனாக விட்டு மேலே வந்தார். வசூலில் ஈவு இரக்கம் கிடையாது. ஒருமுறை சென்னையில் பாக்கி வசூலிக்க ஓர் ஆளுக்காகக் காத்திருந்தபோது வெயில் தாங்காமல், ஏ.சி. இருக்கிறதே என்று பக்கத்திலிருந்த ஓவியக் கூடத்துக்குள் நுழைந்திருக்கிறார். அந்த ஆளைப் பார்க்காமலேயே ஒரு படத்தோடு ஊர் வந்து சேர்ந்தார்.

"அதுல என்னங்க இருக்குது?" என்று கேட்டேன்.

"தெரியலீங்க. உட்டுட்டு வர முடியலீங்க" என்றார்.

ரோஸ்மேரி, தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்த பெண். பனியன் கம்பெனியில் தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் வேலை. சாப்பாட்டு நேரத்தில் அட்டைப்பெட்டிகளின் உள்பக்கத்தில் அவள் வரைவதைக் கந்தவேல் ஒருநாள் பார்த்தார். வாடகைக்கு ஓர் அறை, கான்வாஸ், வண்ணம், மாதச் சம்பளம் எல்லாம் கொடுத்து வரையச் சொன்னார். எங்கள் ஆபீஸில் கையெழுத்து வாங்காமல் வெளியே போன பணம் அது ஒன்றுதான்.

ஒரு வருடம் உழைத்து ஆறடியில் ஒரு படம் முடித்தாள். நான்கு மாதம் அது கந்தவேல் வீட்டுக் கூடத்தில் தொங்கியது. தினமும் காலையில் காபி டம்ளரோடு அதன் முன்னால் நிற்பார். வட்டிக் கணக்குப் போடுகிறார் என்றுதான் நினைத்தேன். 2006-இல் அந்தப் படம் சென்னைக் கண்காட்சி ஒன்றுக்குத் தேர்வானது. ரோஸ்மேரியின் பெயர் வெளியூரில் அச்சாவது அதுதான் முதல் தடவை.

சென்னைக்கு அனுப்பச் சொல்லி என்னிடம் கொடுத்தார். தனிப் பார்சல் எதற்கு என்று நான் படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றிச் சுருட்டி, சென்னைக்கு லோடு ஏற்றும் ஒரு கம்பெனியின் துணிச்சுருள்களோடு வைத்துவிட்டு வந்தேன். அங்கே செக்கிங் பார்க்கும் நல்லான் அதையும் துணி என்று நினைத்துவிட்டான். துணியின் கனம் பார்க்க மாதிரித் துண்டு வெட்டும் கட்டரை வைத்து அழுத்தி, உள்ளங்கையகலத்துக்கு வட்டமாக ஒரு துண்டு வெட்டியெடுத்தான். எடை போட்டான். 'கனம் ஜாஸ்தி, ரிஜெக்ட்' என்று சுருளில் சீட்டும் ஒட்டினான். வெட்டிய துண்டு அன்று மதியமே வேஸ்ட் மூட்டையோடு போய்விட்டது.

சீட்டோடு சுருள் திரும்பி வந்ததும் நான் செத்தேன் என்று நினைத்தேன். கந்தவேல் என்னைத் திட்டவில்லை. "அந்தப் புள்ளைகிட்ட மறைக்கக் கூடாது" என்று ரோஸ்மேரிக்கு ஆள் அனுப்பினார்.

அவள் ஓட்டையில் கையை விட்டுப் பார்த்தாள். அழவில்லை. "நீங்க வாங்கி மாட்டுவீங்க, அவ்வளவுதான். ஒருநாளாவது பாத்திருக்கீங்களா? இந்த வட்டத்துல என்ன இருந்துச்சுன்னு சொல்லுங்க பாப்போம். சொல்லலைன்னா ஊருக்குப் போயிருதேன். இனிமே பிரஷ்ஷைத் தொட மாட்டேன்."

மேசை மேல் விரித்திருந்த படத்தைக் கந்தவேல் பார்க்கவேயில்லை. ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார்.

"பழுப்பு மேல ஒரு வெள்ளைக் கோடு, எடப்பக்கமிருந்து வரும். பாதியில நின்னு போயிரும். அதுக்குக் கீழ மூணு பச்சைப் புள்ளி. மூணாவதைப் பெருவெரல்ல தேச்சு அழிச்சிருப்பீங்க. ரேகை தெரியும்." ரோஸ்மேரி பக்கம் திரும்பினார். "அதை ஏனுங்க அம்மணி அழிச்சீங்க? தெனமும் காப்பி குடிக்கறப்ப கேக்கோணும்னு நெனப்பேன். படிக்காதவன் கேக்கறதான்னு உட்டுருவேன்."

ரோஸ்மேரி தன் பெருவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "நல்லாயில்லைன்னு யாராவது சொல்லிருவாங்களோன்னு பயம்யா" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். டீக்கடையில் பேசியதெல்லாம் எனக்கு நினைவு வந்து, வெட்கமாக இருந்தது.

பின்னாலிருந்து கான்வாஸ் துண்டு ஒட்டி, நான்கு நாள் அதே கூடத்தில் உட்கார்ந்து வரைந்தாள். ஐந்தாம் நாள் காலை கந்தவேல் டம்ளரோடு வந்து நின்றார். பழுப்பின் மேல் வெள்ளைக் கோடு பாதியில் நின்றிருந்தது. அதற்குக் கீழே பச்சைப் புள்ளிகள் மூன்றும் இருந்தன.

"இந்தத் தடவ அழிக்கலய்யா" என்றாள்.

அவர் கிட்டே போய்க் குனிந்து மூன்றாவது புள்ளியைப் பார்த்தார். காபி ஆறும்வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.