சிவக்கக் காய்ச்சிய காந்தம்

மலாயா நாடு சுதந்திரம் அடைந்த 1957ஆம் ஆண்டு அது. மலாக்கா காஜா பேராங் சாலையில் நான் சொந்தமாக ரேடியோ பழுது பார்க்கும் கடை போட்டு நான்கு மாதம்கூட ஆகவில்லை. வயது இருபத்து மூன்று. சுதந்திர அறிவிப்பைக் கேட்டே தீர வேண்டும் என்று ஆகஸ்ட் மாதம் ஊரே பழைய பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்தது. கடையில் கால் வைக்க இடமில்லை.

வந்தவர்களில் ஒருவர் பக்கத்துச் செட்டி கம்பத்துக்காரர், கம்பம் என்றால் கிராமம். ஐம்பது வயது இருக்கும். ரோங்கேங் என்ற மலாய் ஆட்டக் குழுவில் வயலின் வாசிப்பவர். பல தலைமுறைக்கு முன் மலாக்காவில் குடியேறிய தமிழ் வணிகர்களின் வழிவந்த இந்தச் செட்டிகள் திருநீறு பூசினாலும் வீட்டில் பேசுவது மலாய்தான். எங்கள் பேச்சும் மலாயில்தான் நடக்கும். இங்கே தமிழில் சொல்கிறேன். நான் அவரைப் பாச்சிக் என்று கூப்பிடுவேன், மாமா என்று அர்த்தம். அவருக்கு நான் தம்பி. ரேடியோவில் ஒரு பாட்டை இரண்டு முறை கேட்டால் போதும், மூன்றாம் முறை வயலினில் வாசித்துவிடுவார். இசைக்குறிப்பு படிக்கத் தெரியாது. காதுதான் எல்லாம்.

ஒலிபெருக்கி கரகரக்கிறது என்றார். பிரித்துப் பார்த்தேன். உள்ளே இருந்த காந்தம் துருவேறி இரும்புக் கிண்ணத்தோடு ஒட்டிப்போயிருந்தது. எண்ணெய் விட்டு ஒருநாள் ஊறவைத்திருக்கலாம். வேலை குவிந்திருந்த அவசரத்தில் தீயைப் பீய்ச்சும் புளோ லேம்பைப் பற்றவைத்து, லேசாகச் சிவக்கும்வரை காய்ச்சி, இடுக்கியால் பிடுங்கி, வாளித் தண்ணீரில் போட்டேன். துடைக்கும்போதுதான் தெரிந்தது. முன்பு திருப்புளியை வெடுக்கென்று இழுத்த காந்தம், இப்போது ஒட்டியும் ஒட்டாமலும் நழுவவிட்டது.

இருந்தாலும் அதையே பொருத்தினேன். கரகரப்பு போயிருந்தது. சத்தமும் பாதி போயிருந்தது.

பாச்சிக் வந்து குமிழைக் கடைசிவரை திருகினார். பெட்டியில் காதை வைத்தார்.

"என்ன தம்பி, எங்கேயோ தூரத்துல பேசுற மாதிரி இருக்கு?"

கடையில் இன்னும் மூன்று பேர் நின்றிருந்தார்கள். "எனக்கு நல்லாத்தான் கேக்குது பாச்சிக். உங்க காதுல ஏதும் கோளாறா?" என்றேன்.

அவர் ரேடியோவை அணைத்தார். பிறகு, "எங்கப்பாவுக்கும் இந்த வயசுலதான் காது போச்சு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

சுதந்திரக் கொண்டாட்டத்தில் அந்தக் குழு ஆடிப் பாடியபோது வயலினோடு நின்றவர் வேறொருவர். "சுருதி தப்பினா எனக்கே தெரியாது, குழுவோட மானம் போயிடும்" என்று பாச்சிக் விலகிவிட்டதாக மேளக்காரர் சொன்னார். ரேடியோவையும் துணி போட்டு மூடி வைத்துவிட்டாராம். மனைவி பேசுவதெல்லாம் அவருக்கு நன்றாகத்தான் கேட்டது. ஆனால் செவிடு மெல்ல மெல்லத்தான் வரும் என்பதை அப்பாவிடம் பார்த்தவர் அவர்.

ஒருநாள் உண்மையைச் சொல்லிவிடத் துணிந்து அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி கோப்பி கொடுத்தார். குடித்துவிட்டு, மழையைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பிவிட்டேன். அதன்பிறகு அந்தப் பக்கம் போவதையே தவிர்த்தேன்.

மூன்று வருடம் கழித்து, சிங்கப்பூரில் ஒலிபெருக்கி செய்யும் பட்டறையில் சில மாதம் வேலை பழகினேன். காந்தத்துக்கான உலோகக் கலவையைக் கடும் சூட்டில் காய்ச்சி, காந்தப் புலத்துக்குள் வைத்துக் கணக்காக ஆறவிட வேண்டும், அப்படி ஆறுவதில்தான் அதன் பலமே அமைகிறது என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். கண்டபடி மறுபடி காய்ச்சினால் பலம் கலைந்துவிடும். இன்றைய அருமண் காந்தங்கள் இன்னும் பலமானவை, ஆனால் சூடு அவற்றுக்கும் ஆகாது.

ஊர் திரும்பிய வாரமே புது ஒலிபெருக்கியோடு அவர் வீட்டுக்குப் போய் மாட்டினேன். பாட்டு வீடெங்கும் அதிர்ந்தது. அவரே எட்டி, சத்தத்தைக் குறைத்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"கெட்டுப்போச்சுன்னு அன்னைக்கே உனக்குத் தெரியுமா?"

"காரணம் தெரியாது பாச்சிக். கெட்டுப்போனது தெரியும்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. வயலினை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"குழுவுக்கே கொடுத்துட்டேன். இப்ப வாசிக்கிறவருக்கு அதுதான் சோறு. எப்படித் திருப்பிக் கேக்கறது?" இடது கை விரல் நுனிகளைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "காய்ப்பெல்லாம் போயிடுச்சு தம்பி."

அதன்பிறகு பன்னிரண்டு வருடம் இருந்தார். ஒருநாளும் வாசிக்கவில்லை. கடைசிவரை காது கூர்மையாகவே இருந்தது என்று அவர் மனைவி சொன்னார்.

காந்தத்தைக் கெடுத்தது என் அறியாமை, அதற்காக என்னை எப்போதோ மன்னித்துவிட்டேன். மூன்று பேர் முன்னால் என் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு நல்ல காதைக் குறை சொன்னேனே, அதைத்தான் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.