மொத நாள் படுத்தா போதும்

எங்கள் தோட்டத்தில் யாரும் அதை யோகாசனம் என்று சொன்னதில்லை. 'அக்காகிட்ட படுக்கப் போறது' என்றுதான் பேர். மலாயாவில், சிம்பாங் ரெங்கத்திலிருந்து உள்ளே தள்ளியிருந்த ரப்பர் தோட்டம் அது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை ஞாயிற்றுக்கிழமைகளில் காலியாகக் கிடக்கும். பக்கத்து வீட்டு அக்கா அங்கே கோணிச் சாக்குகளை விரித்து எங்களைப் படுக்கப் போடுவாள். அவளுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அவள் அப்பா ஊரில் ஒரு மடத்தைக் கூட்டிப் பெருக்கியவர். கூடப் போனவள், அங்கே செய்வதைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டிருக்கிறாள்.

நான் ஆசைப்பட்டுப் போகவில்லை. ரப்பர் பால் வாளிகளைத் தோளில் காண்டாக் கம்பு வைத்துத் தூக்கி வரும்போது ஒரு நாள் இடுப்பு பிடித்துக்கொண்டது. குனிந்தால் நிமிர முடியாது. ரப்பர் விலை படுத்துவிட்ட சமயம். வேலைக்கு லாயக்கில்லை என்று கழித்துவிட்டால் ஊருக்கே கப்பலேற்றிவிடுவார்கள். ஊரில் எனக்கு நாதியில்லை. என் புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு, சாப்பிட்டாயா என்று என்னைக் கேட்க அக்கா ஒருத்திதான். அவளை விட்டு நான் எங்கே போவேன்?

"மொத நாள் ஒண்ணும் செய்ய வேணாம். வந்து படுத்தா போதும். மூச்சு வர்றதையும் போறதையும் பாரு" என்றாள்.

"மூச்சைப் பாத்தா இடுப்பு நிமிருமாக்கா? வேற வேலையில்ல ஒனக்கு" என்று எரிந்து விழுந்தேன்.

"கத்துறதுக்கும் அந்த மூச்சுதான் வேணும். படுடி."

புதிதாக வருகிற எல்லோரும் ஒரே தப்பைத்தான் செய்வோம். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடி, கங்காணிக்குப் பயந்து மரத்துக்கு மரம் ஓடிப் பால் வெட்டிய உடம்பு அல்லவா? கையை மெல்லத் தூக்கச் சொன்னால் விசுக்கென்று தூக்கி இறக்கிவிட்டு, "முடிஞ்சிருச்சு, அடுத்தது?" என்று நிற்போம். ஒருத்தி படுத்ததும் அசந்து தூங்கிவிட்டாள். அக்கா தோளைத் தொட்டவுடன், பெரட்டுக்கு நேரமாகிவிட்டதென்று அலறியடித்து எழுந்து வாசல் வரைக்கும் ஓடினாள். அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"இங்க கங்காணி இல்லடி. யாரும் பேர் போட மாட்டாங்க. மெதுவா, மெதுவா" என்று உள்ளங்கையைக் கீழ்ப்பக்கமாகத் தாழ்த்தித் தாழ்த்திக் காட்டுவாள்.

பின்னால் நானும் அதே கொட்டகையில் வருஷக்கணக்காகச் சாக்கு விரித்தேன். அவள் சொன்ன 'மெதுவா' என் வாயில் ஒரு நாளும் அப்படி வந்ததில்லை. அந்தக் குரலை இன்னொரு தரம் கேட்க மாட்டோமா என்று இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்கிறது.

மழைக்காலம் முடியுமுன் இடுப்பு நிமிர்ந்துவிட்டது. ஆட்குறைப்புக்குத் துரை எங்களை வரிசையில் நிறுத்திய அன்று, குனிந்து வாளியைத் தூக்கிக் காட்டினேன். என்னை வைத்துக்கொண்டார்கள். அதைச் சொல்ல அக்கா வீட்டுக்கு ஓடினால், அவள் சட்டி பானைகளைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் புருஷனுக்கு நெஞ்சிருமல். அவரைக் கழித்துவிட்டார்கள். புருஷன் கப்பலேறினால் பெண்சாதியும் ஏற வேண்டியதுதானே.

"என்னை நிமித்தி விட்டுட்டு நீ போறியாக்கா?"

அவள் முடிச்சை இறுக்கிக்கொண்டே, "இடுப்பைப் பாத்துக்க" என்றாள்.

மறுநாள் காலையில் லாரி புறப்பட்டது. செம்மண் ரோட்டில் அதன் பின்னாலேயே ஓடினேன். கொஞ்சங்கூட வலிக்கவில்லை. பாழாய்ப்போன இடுப்பு, துரைக்கு முன்னால் நின்றபோதாவது பிடித்துக்கொண்டிருக்கக் கூடாதா? நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். லாரியின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றவள், என்னைப் பார்த்து உள்ளங்கையைத் தாழ்த்தித் தாழ்த்திக் காட்டினாள். நான் இன்னும் வேகமாக ஓடினேன்.