நீலம் ஏறாத மூன்று கோடுகள்

பலேர்மோவில் நானும் மனைவியும் பணிசெய்யும் வீட்டின் இத்தாலிய முதியவருக்குத் தம் தந்தையின் வேட்டைத் துப்பாக்கி மீது பெரும்பற்று. அதைப் பேணுவதில் மட்டும் பற்றில்லை. குழலடைக்கப்பட்டு, இனிச் சுடாதென்ற சான்றும் பெற்ற அது, உணவறைச் சுவரில் துருவேறித் தொங்கியது. ஞாயிறுதோறும் பகேரியாவிலிருந்து மதியவுணவுக்கு வரும் அவர் தம்பி, பாஸ்தா ஆறும்வரை அதையே பார்த்திருந்துவிட்டு, "அப்பான்ரை துவக்கைக் கறள் தின்ன விட்டிட்டாய். என்னட்டைத் தா, நான் கொண்டுபோறன்" என்பார். ஒரு ஞாயிறு முதியவர் சினந்து, "அடுத்த கிழமை வந்து பார். புதுசு மாதிரி இல்லாட்டி உனக்கே தாறன்" என்று வாக்களித்துவிட்டார். வாக்கு அவருடையது, உழைப்பு என்னுடையது.

சனிக்கிழமை துருவை எஃகு நாரால் தேய்த்தெடுத்தேன். துரு மீண்டும் பிடியாதிருக்க இரும்புக்கு நீலமேற்றும் மருந்து, எண்ணெய்ப்பசை இருக்குமிடத்தில் பிடிக்காதென்று போத்தலில் எழுதியிருந்தமையால், குழலை அசிட்டோனால் கழுவி, உணவு மேசையில் உலரவிட்டு, முதியவரைக் குளிப்பாட்டச் சென்றேன். திரும்பிவந்து மருந்தைப் பஞ்சில் தோய்த்துத் தடவினேன். வெளிறிய இரும்பு கண்ணெதிரே கருநீலமாயிற்று, நடுவே மூன்று கோடுகள் நீங்கலாக.

அன்று ஆயுதபூசை. மனைவி தூசியுறிஞ்சிக்கும் இஸ்திரிப்பெட்டிக்கும் திருநீறு பூசிக்கொண்டு நின்றாள்.

"இதையும் தொட்டனீரோ?"

"ஓம். ஆயுதபூசையண்டு அசல் ஆயுதமே மேசையிலை கிடக்குது. விட்டிட்டுப் போகச் சொல்லுறியளோ? உடனை துடைச்சும் விட்டிட்டன்."

"விளக்குத் திரி போட்ட கையாலையோ?"

"பின்னை, ஆற்றை கையாலை?"

நல்லெண்ணெய் பற்றிய இடத்தில் நீலம் பற்றவில்லை. குழல் சிவப்பழமாய்க் கிடந்தது. மருந்து தீர்ந்துவிட்டது, கடையும் திங்கள்வரை திறவாது.

"அந்தப் பக்கத்தைச் சுவரோடை திருப்பி மாட்டு" என்றார் முதியவர்.

மறுநாள் தொடருந்தில் வந்திறங்கிய தம்பி, தொப்பியைக் கழற்றுமுன் துப்பாக்கியைக் கழற்றினார், புரட்டினார்.

"இந்த மூண்டு கோடும் கறளுக்குள்ளை மறைஞ்சு கிடந்ததோ? ஒரு நரிக்கு ஒரு கோடு! அப்பா போட்டது!" அவர் கண் கலங்கிற்று. கலங்கிய கண் உடனே சிவந்தது. "பொறு. அப்பா சுட்டது இரண்டுதான். மூண்டாவது நான் சுட்டது."

முதியவர் நாற்காலியை உதறி எழுந்தார். "நீயோ? நீ சுட்டது பக்கத்து வீட்டுக்காரன்ரை நாயை!"

"அது நரி!"

"ஓம், கழுத்திலை மணி கட்டின நரி!"

பாஸ்தாவிலிருந்து பழம்வரை நரி வழக்கே நடந்தது. துப்பாக்கி எவர் வீட்டுக்கு என்ற பேச்சு எழவேயில்லை. இறுதியில் தம்பி என்பக்கம் திரும்பி, மூன்றாம் கோட்டை மட்டும் சற்றே நீட்டித்தர இயலுமா என்று தாழ்குரலில் வினவினார்.

"அப்பான்ரை அடையாளத்திலை ஆரும் கை வைக்கேலாது!" என்று முழங்கிய முதியவர், எழுந்துசென்று துப்பாக்கியைத் தம் கையாலேயே சுவரில் மாட்டினார், கோடுகள் அறையைப் பார்க்கும்படி.